ஒட்டுண்ணி வயிற்றோட்டமும் அதற்குரிய குளிசையும்

கொழும்பு மாநகரின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாள்தோறும் விலைப்படும் கீரை வகைகளுள் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் என்பன முதன்மையானவை. இவற்றுள் வல்லாரையும் பொன்னாங்காணியும் பல வீடுகளில் நெருப்பிற் படாமலே, பொடியாக அரிந்து தேங்காய்த் துருவலுடன் சேர்த்துச் சம்பலாக உண்ணப்படுகின்றன. ஆகவே பாத்திக்கு ஊற்றிய நீரும், கீரையை அறுத்த கையும், கட்டுகளைக் கழுவிய வாய்க்காலும் தூய்மையற்றவையாயின், அத்தூய்மைக் கேடு உண்பவரின் வயிற்றை நேரே சென்றடையும். அதற்கு முன்னரே, அச்சேற்றிலும் நீரிலும் நாள் முழுவதும் நின்று உழைக்கும் கமக்காரரின் குடும்பத்தை அது பற்றிக்கொள்ளும்.

வயிற்றோட்டம் கண்டவுடன் கடையில் இரண்டு குளிசை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்லும் வழக்கம் நம் நாட்டிற் பரவலாக உள்ளது. வலி தணிந்ததும் எஞ்சிய குளிசைகள் அலுமாரியில் வைக்கப்பட்டு, பின்னொரு நாள் வீட்டில் வேறொருவருக்குக் கொடுக்கப்படுகின்றன. ஒட்டுண்ணி வயிற்றோட்டத்துக்கு வாய்வழி உட்கொள்ளும் மருந்து நல்ல மருந்தே. ஆயினும் உரிய நோய்க்கு, உரிய அளவில், உரிய நாள்வரை உட்கொண்டாலன்றி அது பயன்தராது; சிலவேளை தீங்கும் விளைக்கும். அதனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

வயிற்றோட்டம் ஒன்றல்ல

வயிற்றோட்டத்தை உண்டாக்குவன பெரும்பாலும் மூன்று இனத்தைச் சேர்ந்தவை. முதலாவது, வைரசு. சிறு பிள்ளைகளுக்கு நீர்போலக் கழியும் வயிற்றோட்டம் பெரும்பாலும் இதனால் வருவது. சில நாட்களில் தானே தணிவது. இரண்டாவது, பற்றீரியா. சளியும் குருதியும் காய்ச்சலுமாகத் திடீரெனத் தோன்றும் வயிற்றுளைவு பெரும்பாலும் சிகெல்லா என்னும் பற்றீரியாவால் வருவது. மூன்றாவது, ஒற்றைக் கலத்தாலான ஒட்டுண்ணி. மனிதரின் குடலைத் தாக்கும் இவ்வினத்தில் அமீபாவும் ஜியார்டியாவும் முக்கியமானவை.

மலத்திற் குருதி கண்டவுடன் அதனை அமீபா என்று முடிவு செய்தல் தவறு. பிள்ளைகளுக்குக் குருதியுடன் கழிவதற்குச் சிகெல்லாவே அடிக்கடி காரணமாகின்றது. இவ்வேறுபாடு கொழும்புக்குப் புதியதன்று. 1903ஆம் ஆண்டு தொடக்கம் 1915ஆம் ஆண்டு வரை கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்தெலானி, இங்குள்ள வயிற்றுளைவு நோயாளரிடமிருந்து பிரித்தெடுத்த பற்றீரியாக்களுக்கு இத்தீவின் பெயரையே சூட்டினார். வயிற்றுளைவு என்னும் ஒரே பெயருக்குள் வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட உண்மை. அவற்றைப் பிரித்தறிய மலத்தை நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்த்தல் வேண்டும். கண்ணாற் கண்டு துணிய இயலாது.

அமீபா வயிற்றுளைவு பெரும்பாலும் மெல்லத் தொடங்கும். நாளொன்றுக்குச் சிலமுறை, சளியும் குருதியும் கலந்து, கீழ்வயிற்று வலியுடன் கழியும். வாரக் கணக்கில் நீடிப்பதுமுண்டு. ஜியார்டியா நோயிற் குருதி காணப்படுவதில்லை. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையுடன், கடுநாற்றமாகக் கழியும், வயிறு ஊதும், பிள்ளைகள் உண்டும் உடல் தேறாதிருப்பர்.

ஒட்டுண்ணியின் இரு நிலைகள்

அமீபாவை மனித மலத்தில் முதன்முதலாகக் கண்டு விளக்கியவர் உருசிய வைத்தியர் பியோதர் லெஷ். 1875ஆம் ஆண்டு அவர் விவரித்து வெளியிட்ட நோயாளி வடநாட்டிலிருந்து சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு வந்த ஒரு விவசாயக் குடியினன்.

இவ்வுயிருக்கு இரண்டு நிலைகள் உண்டு. குடலுக்குள் அசைந்து திரிந்து, குடற்சுவரை அரித்துப் புண்ணாக்கும் நிலை ஒன்று. இந்நிலையில் வெளியேறும் அமீபா விரைவில் இறந்துவிடும். மற்றது, கடினமான உறையுள் அடங்கியிருக்கும் சிறைப்பை நிலை. நோயைப் பரப்புவது இதுவே. சிறைப்பை ஈரமான மண்ணிலும் நீரிலும் கிழமைக் கணக்கில் உயிருடன் இருக்க வல்லது. நீரிற் சாதாரணமாகச் சேர்க்கும் குளோரினுக்கும் அது எளிதில் அழிவதில்லை. ஆயினும் முற்றாக உலர்ந்தால் இறக்கும், கொதிநீரிலும் இறக்கும்.

அமீபா தொற்றியவருள் மிகப் பெரும்பாலார்க்கு நோய்க்குறி எதுவும் தோன்றாது. அவர்கள் நலமாகவே நடமாடுவர். ஆனால் அவர்களின் மலத்தில் நாள்தோறும் பல இலட்சம் சிறைப்பைகள் வெளியேறும். வயல் வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் மலங்கழித்தல் கேடானது என்பதற்கு இதுவே காரணம். கழிப்பவர் நோயாளியாகத் தோன்றவேண்டியதில்லை.

மருந்து வந்த வழி

அமீபாவுக்கு ஐம்பது ஆண்டுகளாகக் கைகண்ட மருந்தாக விளங்கியது எமற்றீன். 1912ஆம் ஆண்டு கல்கத்தாவில் லெனாட் றொஜர்ஸ் என்னும் வைத்தியர் அதனை ஊசி மூலம் செலுத்திப் பலன் கண்டார். உயிர் காத்த மருந்தாயினும் அது இதயத்தைத் தாக்கக்கூடியதாதலால் நோயாளி படுக்கையிலேயே இருத்தல் வேண்டும்.

பின்னர் வாயால் உட்கொள்ளும் கிளியோகுவினோல் என்னும் மருந்து வந்தது. இது அமீபாவுக்கென ஏற்பட்டதாயினும், நாளடைவில் எவ்வகை வயிற்றுக் கோளாறுக்கும் கடையிற் கேட்டு வாங்கி விழுங்கும் குளிசையாகிப் பல நாடுகளிற் பரவியது. யப்பானில் இம்மருந்தை நீண்ட நாள், பெரிய அளவில் உட்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. 1955ஆம் ஆண்டுக்குப் பின்னர் அந்நாட்டில் ஒரு புதிய நோய் தோன்றலாயிற்று. வயிற்று வலியைத் தொடர்ந்து கால்கள் மரத்தன, நடை தள்ளாடிற்று, சிலருக்குக் கண்பார்வையும் போயிற்று. தொற்று நோயென்றே பலர் கருதினர். நோயாளர் சிலரின் நாவும் மலமும் பச்சை நிறமாயிருந்ததை ஆராய்ந்தபோது, அந்நிறம் கிளியோகுவினோலால் வந்தது எனத் தெரிந்தது. நீகாத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாதாவோ சுபாகி இத்தொடர்பை வெளிப்படுத்தினார். 1970ஆம் ஆண்டு செத்தெம்பரில் அரசு அதன் விற்பனையை நிறுத்தியது. நிறுத்தியதும் புதிய நோயாளர் தோன்றுவது ஏறத்தாழ நின்றேபோயிற்று. அதற்குள் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் முதலிற் கொண்டிருந்தது பெரும்பாலும் சாதாரண வயிற்றுக் கோளாறே.

இன்று அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் பெரும்பாலும் கொடுக்கப்படுவது மெற்றோனிடசோல். 1966ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் அமீபா நோயாளருக்கு இது சிறந்த பலன் தருவது காட்டப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. உயிர்வளியின்றி வாழும் உயிர்களுக்குள் புகுந்தே இம்மருந்து செயற்பட்டு அவற்றை அழிக்கும். ஆகையால் வைரசுக்கும் சிகெல்லாவுக்கும் இதனால் யாதொரு பயனுமில்லை. நோய் இன்னதென்று அறியாமல் இதனை விழுங்குவது, நெல்லுக்கு வந்த நோயை அறியாமல் கையில் அகப்பட்ட மருந்தைத் தெளிப்பதை ஒக்கும்.

மருந்துக்கு முன் நீர்

வயிற்றோட்டத்தில் உயிர் போவது, குறிப்பாகப் பிள்ளைகளின் உயிர் போவது, பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதனாலேயாம். எனவே எவ்வகை வயிற்றோட்டமாயினும் முதலிற் கொடுக்கவேண்டியது குளிசையன்று; நீரே.

இலங்கையில் ஜீவனி என்னும் பெயரால் வழங்கும் உப்புப் பொடியை, பொதியிற் குறித்த அளவாகிய ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். பொடி கிடையாதவிடத்து, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். உப்பு மிகுதல் ஆபத்து, அளவு தவறலாகாது. கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குப் பின் வைத்திருத்தலாகாது.

ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் வரையும், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலீற்றர் வரையும், பெரியோருக்கு வேண்டுமளவும் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது, கஞ்சியும் வழக்கமான உணவும் தொடர்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு வைத்தியர் நாகக் குளிசையும் 10 முதல் 14 நாட்களுக்குக் கொடுப்பதுண்டு. மலத்தைக் கட்டும் குளிசைகளைப் பிள்ளைகளுக்கோ, குருதியுடன் கழிபவருக்கோ கொடுத்தலாகாது.

குளிசையை உட்கொள்ளும் முறை

அளவு நோய்க்கு நோய் வேறுபடும். வயது வந்தவரின் அமீபாப் புண்ணுக்கு வைத்தியர் வழக்கமாக ஒரு வேளைக்கு 750 அல்லது 800 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை, 5 முதல் 10 நாட்களுக்கு விதிப்பர். ஜியார்டியாவுக்கு ஏறத்தாழ அதில் மூன்றிலொரு பங்கே போதும். பிள்ளைகளுக்கு உடல் நிறையைக் கொண்டு அளவு கணிக்கப்படும். இங்கு இவ்வளவுகள் கூறப்பட்டது ஒருவர் தாமே மருந்தளந்து உண்பதற்கன்று. ஒருவருக்குக் கொடுத்த மருந்து வேறொருவருக்கு ஏன் பொருந்தாது என்பதை உணர்த்துதற்கேயாம். ஆகையால் பின்வருவன கவனிக்கற்பாலன:

1. வைத்தியர் அல்லது வைத்தியசாலை விதித்த பின்னரே உட்கொள்ளல் வேண்டும். குருதி கழியுமாயின் மலப் பரிசோதனைக்கு உடன்படல் வேண்டும்.

2. உணவுடன் அல்லது உணவு உண்டபின், நிறைந்த ஒரு குவளை நீருடன் விழுங்குதல் வேண்டும். இதனால் குமட்டல் குறையும்.

3. இரண்டு நாளில் நோய் தணிந்தாலும் விதித்த நாள் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக விழுங்கலாகாது.

4. அமீபா நோயில் மெற்றோனிடசோலுடன் காரியம் முடிவதில்லை. இம்மருந்து குடலின் மேற்பகுதியிலேயே குருதியிற் கலந்துவிடுவதால், புண்ணிலுள்ள அமீபாவை அழிக்குமேயன்றிக் குடலின் உட்புறத்தே தங்கும் சிறைப்பைகளை முற்றாக அழியாது. அதற்கென இரண்டாவது மருந்தாக டைலொக்சனைட் பூரோவேற் முதலியன விதிக்கப்படும். நோய் நீங்கியதென எண்ணி இரண்டாம் மருந்தைக் கைவிட்டவர் தம் வீட்டாருக்கும் தம் கீரைப் பாத்திக்கும் நோயைத் தொடர்ந்து வழங்குபவராவர்.

5. கருவுற்ற பெண்கள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தினர், பாலூட்டும் தாய்மார், ஈரல் நோயுள்ளோர், வலிப்புக்கோ குருதி உறையாமைக்கோ மருந்து உட்கொள்வோர் ஆகியோர் அதனை முன்னதாகவே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். குருதி உறையாமைக்குக் கொடுக்கும் வாபரினின் வலுவை இக்குளிசை மிகுவிக்கும், குருதிப்போக்கு ஏற்படலாம்.

6. பொதியில் வணிகப் பெயருடன் மருந்தின் பொதுப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். பொதுப் பெயரைப் படித்து அறிதல் வேண்டும். அன்றேல் இரு பெயரில் விற்கும் ஒரே மருந்தை இரட்டிப்பாக உண்ண நேரிடும். பொதுப் பெயரால் மருந்து வாங்கும் கொள்கையை இந்நாட்டில் வலியுறுத்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971ஆம் ஆண்டு தோன்றிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரும் அவரே.

மதுவும் இம்மருந்தும்

இம்மருந்தை உண்ணும் நாட்களிலும், முடிந்தபின் குறைந்தது மூன்று நாட்களுக்கும் கள், சாராயம், பியர் எதனையும் அருந்தலாகாது. அருந்தின் முகம் சிவத்தல், நெஞ்சுப் படபடப்பு, கடும் வாந்தி, தலைவலி என்பன தோன்றலாம். ஆயுர்வேத அரிட்டங்களிலும் சில இருமல் பாணிகளிலும் மது கலந்திருப்பதை மறத்தலாகாது. நாட்டு வைத்தியம் செய்துகொள்வோர் அதனையும் வைத்தியரிடம் சொல்லுதல் நன்று.

மதுவைப் பற்றி மேலும் ஒன்று கருதத் தக்கது. அமீபா குடலோடு நில்லாது குருதி வழியே ஈரலை அடைந்து சீழ்க்கட்டியை உண்டாக்குவதுண்டு. இலங்கையின் வடபகுதியில், யாழ்ப்பாணத்தில், 1980களிலிருந்து இந்நோய் தொடர்ந்து காணப்படுகின்றது. பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் கள் அருந்தும் பழக்கமுள்ள ஆண்கள். வயிற்றோட்டம் இல்லாமலே இக்கட்டி தோன்றலாம். காய்ச்சலும், வலப்புற விலாவின் கீழ் வலியும், வியர்வையும் காணுமாயின் வேலைக் களைப்பென்று எண்ணாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். உரிய காலத்தில் மருந்து பெற்றவர் பெரும்பாலும் குணமடைவர். கட்டி உடையுமாயின் உயிருக்கு ஆபத்து.

அஞ்ச வேண்டியவையும் அஞ்ச வேண்டாதவையும்

குளிசை உண்ணும்போது வாயில் உலோகச் சுவை தோன்றுதல், பசி மந்தித்தல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல் என்பன அஞ்சத்தக்கனவல்ல. மருந்து முடிந்ததும் நீங்கும். கை கால்கள் மரத்தல் அல்லது ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, நடை தள்ளாடல், வலிப்பு, தோலிற் தடிப்பு, முகம் வீங்கல் என்பன கண்டால் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரைக் காணல் வேண்டும். கிளியோகுவினோலைப் போலவே மெற்றோனிடசோலும் நெடுநாள் அளவின்றி உண்டால் நரம்பைத் தாக்கக்கூடியது. யப்பானியர் கற்ற பாடம் இக்குளிசைக்கும் பொருந்தும்.

பிள்ளையின் கண் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வாராமை, கிள்ளிய தோல் மெல்ல மீளுதல், எதையும் குடிக்க இயலாமை, சோர்ந்து துவளுதல் ஆகியன நீரிழப்பின் குறிகள். இவற்றைக் கண்டால் ஒரு வேளையும் தாமதித்தலாகாது.

தோட்டத்திற் செய்யவேண்டியவை

மருந்து குடலிலுள்ள ஒட்டுண்ணியை அழிக்கும். மண்ணிலும் நீரிலும் உள்ளதை அழியாது. அதனை ஒழிப்பது கமக்காரர் கையிலேயே உள்ளது.

வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்வோருக்கு மலசலகூடம் இருத்தல் வேண்டும். அது கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தொலைவிலும், நீர் ஓடும் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்புறத்திலும் அமைதல் நன்று. மனித மலத்தையோ மலக்குழிச் சேற்றையோ கீரைக்கு எருவாக இடலாகாது. மாட்டெருவும் குப்பையும் நன்கு மக்கிய கூட்டெருவாகவே இடத்தகும். குவியலைப் புரட்டிவிட்டு உட்புறம் நன்கு சூடேறச் செய்தல் வேண்டும்.

வெள்ளவத்தைக் கால்வாய் போன்று நகரக் கழிவு கலந்து ஓடும் நீரைப் பச்சையாக உண்ணும் கீரைக்குப் பாய்ச்சலாகாது. அறுத்த கட்டுகளை அதிற் கழுவுதல் அதனினும் தீது. மாலையில் அறுத்துக் கால்வாயில் நனைத்து வைத்த கீரை காலையிற் பசுமையாகத் தோன்றும். அப்பசுமையுடன் சிறைப்பையும் சந்தைக்குச் செல்லும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ தெளித்து, ஈரச் சாக்கால் மூடிவைத்தாலும் கீரை வாடாது.

மலங்கழித்த பின்னும், கீரை அறுக்குமுன்னும், உணவைத் தொடுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டுதல் வேண்டும். தோட்டத்துக்குக் கொண்டுசெல்லும் குடிநீர் கொதித்தாறியதாக இருத்தல் வேண்டும். சமையலறையில் கீரையை இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரிற் பலமுறை கழுவுக. கொண்டிசு நீரில் நனைப்பதால் சிறைப்பை அழியுமென நம்புதற்கில்லை. ஐயமுள்ள கீரையைச் சம்பலாக்காது வறையாக வேகவைத்தலே உறுதியான வழி.

ஒரே வீட்டில் அல்லது ஒரே தோட்டத்தில் பலருக்கு வயிற்றோட்டம் காணுமாயின், சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவித்தல் வேண்டும். கிணற்று நீரைச் சோதிக்கவும், நோய்க்குறியின்றிச் சிறைப்பை கழிப்போரைக் கண்டறியவும் அதனால் வழி பிறக்கும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

முதலில் உப்புக் கரைசல், பின்னர் பரிசோதனை, அதன் பின்னரே குளிசை. விதித்த நாள் முழுவதும் குளிசை. அமீபாவாயின் இரண்டாம் மருந்தும். மருந்துண்ணும் நாளில் மது விலக்கு. பிறரின் மிச்சக் குளிசை எவருக்கும் ஆகாது. இவ்வளவையும் செய்த கமக்காரர் கால்வாய் நீரையும் வரம்போரத்தையும் கவனியாது விடுவாராயின், அடுத்த மழையுடன் நோய் அவர் வீட்டுக்குத் திரும்பும்; கீரைக் கட்டுடன் கொழும்புக்கும் செல்லும். வைத்தியசாலையிற் தொடங்கிய மருத்துவம் பாத்தியிலேயே நிறைவெய்தும்.